குரோமில் மட்டும் நெட் வரவில்லையா? செக்யூர் டிஎன்எஸ் பக்கம் போய்ப் பாருங்கள்

"வாட்ஸ்அப் வருது, ஃபயர்பாக்ஸ் வருது, குரோம்ல மட்டும் எதுவுமே திறக்கல சார்." இப்படிச் சொல்லிக்கொண்டு லேப்டாப்பை எடுத்து வருபவர்கள் பெரும்பாலும் ரவுட்டரைப் பலமுறை அணைத்துப் போட்டிருப்பார்கள், கஸ்டமர் கேரோடு ஒரு சண்டையும் முடிந்திருக்கும். லைனில் குறையே இருக்காது.

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அதன் முகவரியை, தருவது டிஎன்எஸ். வழக்கமாக இந்தக் கேள்வி 53-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) எந்த மறைப்பும் இல்லாமல் போகும். நடுவில் இருப்பவர் படிக்கலாம், பதிலை மாற்றியும் விடலாம். 2018-இல் தரமாக வெளியான 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' அதையே குறியாக்கம் செய்து, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி, 443-ஆம் போர்ட்டில் அனுப்புகிறது. குரோமில் இதன் பெயர்தான் 'செக்யூர் டிஎன்எஸ்'. இதை இயக்கிவிட்டால் பிரவுசர் விண்டோஸை எதிர்பார்க்காமல் தானே விசாரித்துக்கொள்ளும். அதனால்தான் மற்றதெல்லாம் ஓடும்போது அது மட்டும் முடங்குகிறது. பிழைப் பக்கத்தின் அடியில் 'பேட் செக்யூர் கான்ஃபிக்' என்று முடியும் வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் செக்யூரிட்டி, அங்கே 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்'. தானாக வரும் தேர்வில் குறியாக்கம் கிடைக்காவிட்டால் குரோம் பழைய வழிக்கே திரும்பிவிடும். நீங்களாக ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்தால் அப்படித் திரும்பாது. அந்த சர்வர் பதில் சொல்லாவிட்டால் எந்தத் தளமும் வராது. ஃபயர்பாக்ஸில் 'மேக்ஸ் புரொடெக்ஷன்' வைத்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். முதலில் தானியங்கித் தேர்வுக்கு மாற்றிப் பாருங்கள். நெட் வந்துவிட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

நான் அதிகம் பார்ப்பது முகவரிக் குழப்பம். குரோமில் நாமே சர்வரை எழுதும் கஸ்டம் பெட்டிக்கு எச்டிடிபிஎஸ்-இல் தொடங்கும் முழு முகவரி வேண்டும், கூகுள் டிஎன்எஸ்ஸின் ஐபி எண்ணான வெறும் 8.8.8.8 போதாது. ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' வேறு வகை. அது பொதுவாக 853-ஆம் போர்ட்டில் போகிறது, சர்வரின் பெயரை மட்டும்தான் ஏற்கும். ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் ஒட்டினால் வேலைக்கு ஆகாது.

ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கமே வராமல் அடம் பிடிப்பதும் இதனால் இருக்கலாம். அந்தப் பக்கத்தைக் காட்ட அவர்கள் டிஎன்எஸ் பதிலை மாற்றித் தருவது உண்டு. நீங்கள் அந்த வழியையே அடைத்து வைத்திருக்கிறீர்கள். சற்று நேரம் அணைத்து, உள்ளே நுழைந்ததும் மறுபடி இயக்குங்கள்.

பழைய டெஸ்க்டாப் என்றால் கீழே ஓரத்தில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள காசு மாதிரி பேட்டரி, அதாவது சிஆர்2032, தீர்ந்திருந்தால் மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டு கம்ப்யூட்டரை இயக்கும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். டிஎன்எஸ் சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது, இணைப்பு அறுந்துவிடும். திரையில் வருவதோ டிஎன்எஸ் பிழை! கடிகாரம் யாருக்கு ஞாபகம் வரும்?

'நெட் ஸ்பீடு கூடும்' என்று ஏதோ வீடியோவில் சொன்ன சர்வரைப் போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். குறியாக்கம் இருந்தாலும், நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அந்த சர்வரை நடத்துபவருக்குத் தெரியும். தவறான ஐபி கொடுத்து உங்களை வேறு எங்காவது திருப்பவும் அவரால் முடியும். ஆபீஸ் லேப்டாப்பில் இந்த சுவிட்ச் மங்கலாக இருந்தால் அதை நிர்வாகம் பூட்டியிருக்கிறது. உள் தளங்களின் பெயர்கள் வெளி சர்வருக்குத் தெரியாது என்பதும் அதற்கு ஒரு காரணம். ஐடி ஆளிடம் கேளுங்கள்.