வாக்கியத்தை மாற்றி எழுதும் மனம்

மருத்துவப் பரிசோதனை முடிவு கைக்கு வந்திருக்கிறது. கவலைப்பட வேண்டிய முடிவுதான். அதைப் படித்துப் பார்த்தவர் தாளை நான்காக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைக்கிறார். பிறகு அலமாரியைத் திறந்து, பல மாதங்களாகக் கலைந்து கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கத் தொடங்குகிறார். வீட்டார் கேட்டால், "ஆய்வகத்தில் யாருடைய ரத்தமோ மாறிப்போயிருக்கும்" என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்பவருக்கு உண்மை தெரியும். இவருடைய மனமோ உண்மையை அவருக்கே மறைத்துவிட்டது. தாங்க முடியாத எண்ணங்களிடமிருந்து மனம் இப்படித் தன்னைக் காத்துக்கொள்வதைப் பற்றி, உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் 1894இல் எழுதினார். அந்த உத்திகளை 1936இல் ஒழுங்குபடுத்தித் தந்தவர் அவருடைய மகள் அன்னா ஃபிராய்ட். 'மனத் தற்காப்பு உத்திகள்' என்ற பெயர் தெரிந்தவர்கள்கூட, அவை நம்மை அறியாமலேயே நடக்கின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இவற்றின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள இலக்கணம் கைகொடுக்கும். "நான் அவரை வெறுக்கிறேன்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சொல்லவே கூசும் வாக்கியம். எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றினால் "அவர் என்னை வெறுக்கிறார்" என்றாகிறது, இது புறத்தேற்றம். செயப்படுபொருளுக்கு மட்டும் வேறு ஆளைப் போட்டால் இடமாற்றம்: மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவர் வீட்டுக்கு வந்ததும், தண்ணீரைச் சிந்திய குழந்தையிடம் கத்துகிறார். கோபம் நிஜம், அது போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. பயனிலையைத் தலைகீழாக்கினால், பிடிக்காதவரிடம் அளவுக்கு மீறி இனிக்க இனிக்கப் பேசும் எதிர்வினையாக்கம். வாக்கியத்தையே அழித்துவிடுவது மறுப்பு. 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று காரணம் கற்பிப்பது எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

எல்லா உத்திகளும் ஒரே தரத்தவை அல்ல. 1938இல் தொடங்கிய ஹார்வர்டு ஆய்வு, 268 மாணவர்களை அவர்களின் முதுமை வரை பின்தொடர்ந்தது. அதைப் பல ஆண்டுகள் வழிநடத்திய மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலன்ட், நகைச்சுவை, பிறருக்கு உதவுதல், வலியைப் படைப்பாக மாற்றுதல், தெரிந்தே தள்ளிவைத்தல் ஆகியவற்றை முதிர்ந்த உத்திகளாக வகுத்தார். கடைசியாகச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். "இதை இப்போது நினைக்க முடியாது, இரவு உட்கார்ந்து யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, இரவில் உண்மையாகவே உட்காருவது. மறுப்புக்கும் இதற்கும் வேறுபாடு அந்தத் திரும்பி வருதலில்தான் இருக்கிறது.

மறுப்பு கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. முதல் சில நாள்களில், அதிர்ச்சியைச் சிறிது சிறிதாக உள்ளே விட அது உதவுகிறது. அதுவே மாதக்கணக்கில் நீடித்தால் சிகிச்சைக்குரிய காலம் கைநழுவிப்போகும். "நீ உண்மையை ஏற்க மறுக்கிறாய்" என்று முகத்துக்கு நேரே சொல்வதால் பெரும்பாலும் பயன் இல்லை. காவல் இன்னும் இறுகுகிறது. அலமாரி முன் நிற்பவரின் அருகில் அமர்ந்து நாமும் இரண்டு சட்டைகளை மடிக்கலாம். மருத்துவர் மறுபடி வரச் சொன்ன தேதியை மட்டும் கேட்டு, நினைவில் வைத்துக்கொள்ளலாம்.