பித்தளையும் செம்பும் ஒன்றல்ல, தம்பி

போன வாரம் பக்கத்துத் தெரு டிங்கரிங் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான். "அண்ணே, ராத்திரி பூரா குளிர்க்காய்ச்சல். டெங்கு டெஸ்ட் எடுத்தாங்க, ஒண்ணும் இல்லையாம். மறுநாள் தானா விட்டுடுச்சு" என்றான். அன்று பகலில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டேன். பழைய மாருதி 800 ஒன்றின் கதவில் மோல்டிங்குக்காக (அழகுக்கு ஒட்டும் பட்டை) போட்டிருந்த ஓட்டைகளை வெல்டு வைத்து அடைத்தானாம். உருகிய இரும்பு ஓட்டை வழியே ஒழுகாமல் இருக்கத் தகட்டுக்குப் பின்னால் என்ன பிடித்தாய்? "வீட்டுல இருந்த பித்தளைத் தாம்பாளம்ணே. செம்பு கிடைக்கல. ரெண்டும் ஒண்ணுதானே?"

இந்தப் பதிலை இந்த வருடம் மூன்றாவது ஆளிடம் கேட்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டும் ஒன்றல்ல. பித்தளையில் செம்போடு துத்தநாகம் கலந்திருக்கிறது. சாதாரணப் பாத்திரப் பித்தளையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதுதான். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கார் தகடு உருக 1500 டிகிரி பக்கம் வேண்டும். வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது பறந்ததா என்று கேட்டேன். "ஆமாண்ணே, பார்க்க நல்லா இருந்துச்சு" என்கிறான். அது துத்தநாகப் புகைதான். அதை மூச்சில் இழுத்துச் சில மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும். டாக்டரிடம் போனால் என்ன உலோகத்தை வெல்டு செய்தோம் என்பதை முதலில் சொல்லுங்கள். அவருக்கு அது எப்படித் தெரியும்?

துத்தநாகம் பூசிய ஜிஐ தகடும் இதே கதைதான். பாத்திரத்தில் ஈயம் பூசியிருந்தால் அதுவும் வேண்டாம். ஓட்டைக்குள் வாஷரைச் சொருகி வெல்டு வைக்கிறவர்கள் இன்னும் மோசம். பழைய வாஷரின் பளபளப்பு துத்தநாகமா, காட்மியம் என்ற நச்சு உலோகமா என்று கண்ணால் சொல்ல முடியாது. காட்மியப் புகையும் ஆரம்பத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் தெரியும், ஆனால் ஆளையே முடித்துவிடும். பால் குடித்தால் சரியாகும், வெல்லம் தின்றால் சரியாகும் என்பதை எல்லாம் விட்டுவிடுங்கள். பால் போகிற இடம் வயிறு, புகை போகிற இடம் நுரையீரல். முகத்தில் துண்டு கட்டுவதும் இந்தப் புகைக்கு உதவாது.

சரி, செம்பை ஏன் வைக்கிறோம்? இங்கேதான் எனக்கு ரொம்பக் கோபம் வரும். பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் "செம்பு சூடு தாங்கும்ணே, உருகாது" என்பார்கள். தவறு. செம்பு உருகுவது 1085 டிகிரியில், அதாவது இரும்புக்கு முன்னாலேயே. உருகுநிலைதான் காரணம் என்றால் நாம் செம்பைத் தொடவே கூடாது. செம்பின் வேலை சூட்டை இழுத்து ஓடுவது. சாதாரண இரும்பைவிடக் கிட்டத்தட்ட எட்டு மடங்கு வேகமாக அது சூட்டைக் கடத்தும். உருகிய இரும்பு செம்பில் பட்டதும் அதன் சூடு பிடுங்கப்பட்டு உறைகிறது, ஒட்ட நேரமில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறது. அதையும் கனமான கட்டியாக வைத்தால் அவசரத்துக்கு ஓடும், காரணம் இதேதான். ஆனால் சீக்கிரம் இளகிக் குழி விழும், நான் வைப்பதில்லை.

சூட்டை இழுக்க உடம்பில் சதை வேண்டும். அலங்காரக் கடையில் கிடைக்கும் காகிதம் போன்ற செம்புத் தகட்டை வைத்துவிட்டு "ஒட்டிக்கிச்சுண்ணே" என்று வராதீர்கள். குறைந்தது 3 மில்லிமீட்டர் கனம் வேண்டும். பழைய கரண்ட் பேனலில் இருந்து கழற்றிய செம்பு பஸ்பார் (கரண்ட் ஓடும் கனமான பட்டை) துண்டு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை; மேலே பூச்சு இருந்தால் தேய்த்து எடுங்கள். இல்லாவிட்டால் ஏசி மெக்கானிக்கிடம் குழாய்த் துண்டு கேட்டு வாங்கித் தட்டி மடித்துக்கொள்ளுங்கள். காயலான் கடையில் வாங்கினால் காந்தம் வைத்துப் பாருங்கள், அப்புறம் ஓர் ஓரத்தை அராவிப் பாருங்கள். செம்பு முலாம் பூசிய இரும்பும் உண்டு, அலுமினியமும் உண்டு.

வளைந்த தகட்டுக்கு நேரான செம்பு உட்காராது. இடைவெளி இருந்தால் பின்பக்கம் குண்டு குண்டாக இறங்கும். செம்பை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள், மெழுகு போல இளகிவிடும். கார்பன் அதிகமுள்ள எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் விறைக்கும், செம்பு நேர்மாறு. பிறகு வளைவுக்கேற்பத் தட்டி, கிளாம்பு போட்டு நெருக்குங்கள். பையனை வெறுங்கையால் பிடிக்கச் சொல்லாதீர்கள், சூடு ஒரு நொடியில் மறுமுனைக்கு வந்துவிடும். பாவம் அவன்.

ஆர்க்கை, அதாவது வெல்டிங் சுடரை, ஓட்டையின் விளிம்பில் காட்டுங்கள், நடுவில் தெரியும் செம்பில் காட்டாதீர்கள். செம்பு உருகி இரும்பில் கலந்தால் வெல்டு விரிசல் விடும். பொட்டு பொட்டாக, ஒன்று ஆறியதும் அடுத்தது. கார் தகடு 0.7, 0.8 மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டால் நெளியும், அப்புறம் அதை மறைக்கப் பட்டி, பட்டியை மறைக்கப் பெயிண்ட். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையை வெல்டாலேயே நிரப்பப் பார்க்காதீர்கள். அதே கனத்தில் தகடு வெட்டி வைத்து அடையுங்கள்.

இன்னொன்று. டிக்கித் தரையில் சிஎன்ஜி கிட் மாட்டப் போட்ட ஓட்டைகளை அடைக்கச் சிலர் வண்டியோடு வருகிறார்கள், சிலிண்டர் அப்படியே இருக்கிறது! கழற்றாமல் நான் வெல்டிங் கன்னைக் கையில் எடுக்க மாட்டேன். பாட்டரி வயரைக் கழற்றுங்கள், பின்பக்கத் தார் ஷீட்டைச் சுரண்டுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். முடிந்ததும் பின்பக்கம் துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள், தயவுசெய்து. அடிக்காத கதவுகள் இரண்டு மழை தாண்டி மறுபடி என்னிடமே வருகின்றன.

அந்தத் தம்பிக்கு ஒரு பஸ்பார் துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். தாம்பாளத்தை வீட்டிலேயே கொண்டுபோய் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம்.