வெள்ளீயம் தந்த வெள்ளை

பார்சிலோனாவின் பார்க் குவெல் பூங்காவில் பாம்பு போல நெளிந்து ஓடும் ஒரு நீண்ட இருக்கை உண்டு. பூங்கா கட்டடக் கலைஞர் அன்டோனி கவுடி கட்டியது. இருக்கையில் பதித்த வண்ணச் சில்லுகளில் பெரும்பங்கு அவருடன் வேலை செய்த ஜோசப் மரியா ஜுஜோலின் கைவண்ணம். உடைந்த டைல்களும் ஆலைகள் கழித்துப்போட்ட பீங்கானும்தான் மூலப்பொருள். அந்தக் காலத்து டைல் ஒன்றை உடைத்து, விளிம்பைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். அடியில் செங்கல் நிறச் சுடுமண். அதன்மேல் நகத்தின் கனம்கூட இல்லாத வெள்ளைப் படலம். வண்ணமெல்லாம் அந்த வெள்ளையின் மேல்தான்.

எனக்கு இதில் பெரிய அதிசயம் அந்த வெள்ளைதான். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, அதே வெள்ளீயம்தான் இதைச் செய்கிறது. மணலையும் காரீயத்தையும் சேர்த்து உருக்கினால் நிறமற்ற கண்ணாடிப் பூச்சு கிடைக்கும். அடியில் உள்ள செம்மண் அப்படியே தெரியும். வெள்ளீய ஆக்சைடைக் கொஞ்சம் கலந்தால் கதை மாறிவிடுகிறது. அது கண்ணாடியில் சரியாகக் கரையாமல் நுண்ணிய படிகங்களாக நின்றுவிடும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்குச் சுமார் 1.5, வெள்ளீய ஆக்சைடுக்கோ ஏறக்குறைய 2. படிகங்களின் அளவும் ஒளியின் அலைநீளத்தை ஒட்டியே இருப்பதால், உள்ளே நுழையும் ஒளி படிகத்துக்குப் படிகம் மோதிச் சிதறி, மண்ணைத் தொடாமலே வெளியே திரும்பிவிடுகிறது. எல்லா நிறமும் ஒன்றாகத் திரும்புவதால் நம் கண்ணுக்கு வெள்ளை. மேகமும் பாலும் வெள்ளையாகத் தெரிவது இதே ஒளிச்சிதறலால்தான்.

9ஆம் நூற்றாண்டில் இராக்கில், பாஸ்ரா பக்கத்துக் குயவர்கள் சீனத்து வெண்பாண்டங்களைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். சீனத்து வெண்களிமண் அவர்களிடம் இல்லை. அதனால் உள்ளூர் மண்ணுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார்கள். அந்தச் சட்டை வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயினுக்கு வந்தது. டைலுக்கு ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் சொல்லும் 'அசுலேஜோ' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததுதான்.

கவுடி தன் முதல் பெரிய வீடான காசா விசென்ஸின் (1883–85) சுவர்களில் பதித்த டைல்களில் துலுக்கச் செவ்வந்திப் பூ இருக்கிறது. பார்சிலோனா வட்டாரத்தின் கட்டலான் மொழியிலும் அந்தப் பூவின் பெயர் 'மூர்களின் கார்னேஷன்'. மெக்சிகோவில் பிறந்த பூவை இரண்டு மொழிகளும் முஸ்லிம்களின் பெயரில் எழுதி வைத்திருப்பது அழகான தற்செயல்.

அந்த வீட்டின் சுவர்கள் தட்டையானவை, முழு டைல் பொருந்திவிட்டது. பார்க் குவெலின் வளைவுகளுக்கு அது நடக்காது. 1 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 சென்டிமீட்டர் டைலை வைத்தால், விளிம்புக்கும் வளைவுக்கும் இடையே சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளி விழும். சில்லின் நீளத்தை 5 சென்டிமீட்டராகக் குறைத்தால் அந்த இடைவெளி 0.3 மில்லிமீட்டர்தான். நீளம் நாலில் ஒன்றாகும்போது இடைவெளி பதினாறில் ஒன்றாகிறது. கட்டலான் மொழியில் உடைத்தல் என்ற சொல்லிலிருந்து பிறந்த 'திரென்கடீஸ்' வேலையின் கணக்கு இவ்வளவுதான். ஒவ்வொரு சில்லும் கொஞ்சம் வேறு கோணத்தில் அமர்வதால், நாம் நடக்க நடக்க மின்னும் சில்லுகளும் மாறிக்கொண்டே போகும்.

பளபளப்பில் இதைவிட நுட்பமான வித்தை ஒன்று வலென்சியாவுக்குப் பக்கத்திலுள்ள மனிசெஸ் ஊரில் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பிரபுக்கள் தங்கள் குலச்சின்னம் போட்டு வரவழைத்த தட்டுகள் அங்கே செய்தவை. பொன் போல மின்னும், பொன் துளியும் கிடையாது. ஏற்கெனவே சுட்டு முடித்த வெள்ளைத் தட்டின்மேல் செம்பு, வெள்ளிச் சேர்மங்களைக் காவி மண்ணோடும் காடியோடும் குழைத்துத் தீட்டுவார்கள். பிறகு மூன்றாவது சூடு, சுமார் 600 டிகிரி. பூச்சு உருகி ஓடாது, இளகும், அவ்வளவுதான். அப்போது சூளைக்குள் காற்று நுழையாமல் அடைத்துப் புகையை நிரப்புவார்கள். செம்பு, வெள்ளி அயனிகள் கண்ணாடிக்குள் இறங்கி, அங்கிருக்கும் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சிஜனுக்கு ஏங்கும் புகை அவற்றை உலோகமாக ஒடுக்குகிறது. மேற்பரப்புக்குச் சற்றே கீழே, சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை அளவுள்ள உலோகத் துகள்கள் நெருக்கமாகத் திரண்டு நிற்கும்.

சூளையிலிருந்து எடுக்கும்போது தட்டு கருகிப்போனதுபோல அழுக்காகத்தான் இருக்கும். ஒட்டியிருக்கும் காவியைத் துணியால் தேய்த்துத் துடைக்கத் துடைக்க அடியிலிருந்து பொன்னிறம் எழும்பி வரும். தட்டைச் சாய்த்தால் பொன் சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறும். நானோ என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தக் கைகளுக்கு அது பழகிவிட்டது.

அந்தக் கைகளில் பல முஸ்லிம்களுடையவை. 1609இல் மன்னர் மூன்றாம் பிலிப்பின் ஆணை அவர்களின் வழித்தோன்றல்களை நாட்டைவிட்டே துரத்தியது, முதலில் வலென்சியாவிலிருந்து. ஞானஸ்நானம் பெற்றிருந்தும் அவர்களுக்கு இடமில்லை. 1888 உலகக் கண்காட்சி முடிந்தபின் பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் தொமெனெக் இ மொந்தானெர் பழைய கைத்தொழில்களை மீட்க ஒரு பட்டறை நடத்தினார். பீங்கான் வேலையும் அதில் ஒன்று. கவுடியும் இவரும் சேர்ந்த கட்டலான் நவீனம் என்ற கலை இயக்கத்தைப் புதுமை என்று மட்டும் புகழ்வது பாதி உண்மைதான். துரத்தப்பட்டவர்களின் அறிவும் அதற்குள் சுடர்கிறது.

போர்ச்சுகலின் பாதை வேறு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் முதலாம் மனுவேல் சிந்த்ரா அரண்மனைக்கு செவில்லிலிருந்து டைல்களை வரவழைத்தார். பிறகு சீனப் பீங்கானைப் பார்த்தும், டச்சுக்காரர்களின் டைல்களைப் பார்த்தும் வெள்ளைமேல் நீலம் பிடித்துக்கொண்டது. அந்த நீலம் கோபால்ட், சூளையின் சூட்டுக்கு நிறம் மாறாதது. டைல் கப்பலேறி பிரேசிலுக்குப் போனது. அங்கே சுவரை மழையிலிருந்து காத்தது. 1940களில் பிரேசிலின் நவீனக் கட்டடக் கலைஞர்கள் அதே டைலைக் கண்ணாடிக்கும் கான்கிரீட்டுக்கும் பக்கத்தில் வைத்தார்கள். பம்புல்யாவில் ஆஸ்கார் நீமாயர் கட்டிய தேவாலயத்தின் சுவரில் ஓவியர் போர்த்தினாரி தீட்டிய நீல வெள்ளைச் சித்திரம் அப்படி வந்தது. பாட்டன் காலத்துச் சங்கதி என்று டைலை ஒதுக்கியிருந்த லிஸ்பன் கலைஞர்களை இந்தக் கட்டடங்கள் திரும்பிப் பார்க்க வைத்தன.

1959இல் லிஸ்பன் மெட்ரோ திறந்தபோது, முதல் நிலையங்கள் பலவற்றின் சுவர்களுக்கு டைல் வடிவமைத்தவர் மரியா கெயில். நிலையங்களைக் கட்டியவர் அவர் கணவர் பிரான்சிஸ்கோ கெயில் தோ அமரால். மரியா கெயில் கதைக்காட்சிகளைத் தீட்டவில்லை. கோடும் வண்ணக் கட்டமுமாக, திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை எடுத்துக்கொண்டார். சமச்சீர் இல்லாத ஒரே ஒரு டைலை நான்கு பக்கமும் திருப்பலாம் என்றால், நான்கு டைல் சேர்ந்த ஒரு சதுரத்தை மட்டும் 256 விதமாக அடுக்க முடியும். சில டைல்களிலிருந்து ஒரு முழுச் சுவரே பிறக்கும். வெயில் எட்டாத சுரங்கத்தில், விளக்கிலிருந்து விழும் கொஞ்ச வெளிச்சத்தையும் டைல்களின் பூச்சு பயணிகள் பக்கம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.