பக்கப் பானை அல்ல, மேற்பணயம்

நேற்று இரவு லாஸ் வேகஸில் நடந்த போக்கர் சீட்டாட்டம் ஒன்றைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்த்தேன். 'அவர் எல்லாம் உள்ளே போய்விட்டார், இப்போது பக்கப் பானை உருவாகிறது' என்று வந்தது. இந்தப் பக்கப் பானையை எத்தனை முறைதான் பார்ப்பது! போக்கர் தெரியாதவருக்கு இது அடுப்பங்கரையை நினைவூட்டும். தெரிந்தவரோ மனத்துக்குள் 'சைடு பாட்' என்று திருப்பிப் போட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இருவருக்குமே பயன்படவில்லை.

ஆங்கிலத்தில் 'பாட்' என்றால் பானைதான், சரி. சீட்டாட்டத்தில் அது மேசை நடுவே சேரும் பந்தயப் பணம் மொத்தத்துக்கும் பெயர். அங்கே பானை எதுவும் இல்லை, துணி விரித்த மேசையில் சில்லுகள் குவிந்து கிடக்கின்றன.

அந்தக் குவியல் சில சமயம் இரண்டாகப் பிரியும், அப்படிப் பிரிந்து தனியாக நிற்பதுதான் 'சைடு பாட்'. ஏன் பிரிகிறது என்று தெரிந்தால்தான் சொல் பிடிபடும். ஒரு கை, அதாவது ஒரு சுற்று ஆட்டம், தொடங்கும்போது மேசைமேல் என்ன இருந்ததோ அதைத்தான் வைத்து ஆடலாம், நடுவில் சட்டைப் பையைத் துழாவக் கூடாது. பதிலுக்கு, பணம் போதவில்லை என்பதற்காக யாரையும் வெளியேற்றவும் முடியாது. ஒருவரிடம் 100 டாலர், அடுத்தவரிடம் 300, மூன்றாமவரிடம் 500 இருக்கிறது. மூவரும் இருப்பதையெல்லாம் வைத்துவிடுகிறார்கள். முதலாமவரின் 100-க்கு ஈடாக மற்ற இருவரிடமிருந்தும் நூறு நூறு எடுத்தால் அவருடையதோடு சேர்த்து 300. அவர் வெல்லக்கூடியது அவ்வளவுதான். மீதியில் இரண்டாமவரின் 200-உம் மூன்றாமவரின் 200-உம் சேர்ந்து 400 தனிக் குவியலாகும். அதற்கு அந்த இருவருக்குள் மட்டும்தான் போட்டி. மூன்றாமவரிடம் மிஞ்சிய 200-க்கு ஈடு கட்ட ஆளில்லை, அது அவருக்கே திரும்பிவிடும். முதலாமவரின் சீட்டே உயர்ந்தது என்றாலும் அந்த 400-ஐ அவர் தொட முடியாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 'பக்கத்தில்' இருப்பதுதான் பெரியது! 'துணைப் பணயம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு இதில்தான் சண்டை. துணை என்றதும் சிறியது, முதன்மையானதற்கு உதவுவது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இந்தக் குவியல் எதற்கும் உதவவில்லை, தனியாக நிற்கிறது. சீட்டைத் திறந்த பிறகு முதலில் தீர்ப்பதும் இதைத்தான், எல்லோருக்கும் பொதுவான குவியல் கடைசியில்தான். 'பக்கப் பந்தயம்' இன்னும் மோசம். ஆட்டத்துக்கு வெளியே இருவர் தங்களுக்குள் கட்டிக்கொள்ளும் பந்தயத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் படிக்கிறவர் எதை எதுவென்று எடுத்துக்கொள்வார்?

ஆங்கிலத்தின் 'ஆல் இன்'-ஐ 'எல்லாம் உள்ளே' என்பதும் இப்படித்தான். நம் ஊர் மங்காத்தாவில் 'உள்ளே' என்பதற்கு ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது. கையிலுள்ளதை முழுக்க வைப்பதை 'முழுப்பணயம்' என்று சொன்னால் என்ன குறை? பிரெஞ்சு ஆட்டக்காரர்கள் இதைத் 'தாப்பி' என்கிறார்கள், அகராதியில் அதற்குக் கம்பளம் என்றிருக்கும். அங்கிருந்து பெயர்த்தால் 'கம்பளம் செய்தார்' என்று எழுதுவார்களா? அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம் விளையாட்டு, சமையல், மருத்துவம் என்று எல்லாவற்றிலும் பரவிவிட்டது. ஒரே ஒரு கை ஆடிப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால் இந்தப் பானை வந்திருக்காது.

பணயம் வடமொழி வழி வந்தது, தனித்தமிழ் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். 'உருளாயம் ஓவாது கூறின்' என்று சூது அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும் 'ஆயம்' இருக்கிறது. உருளும் கவற்றால், அதாவது சூதாடு காயால், வரும் பொருள் அது. எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனாலும் வேண்டாம் என்பேன். இன்று ஆயம் என்றால் ஒருவர் சுங்கத்தை நினைப்பார், இன்னொருவர் தோழியர் கூட்டத்தை. பணயம் அப்படியல்ல. தருமர் நாட்டையும் தம்பியரையும் பாஞ்சாலியையும் பணயம் வைத்த கதையைத் தெருக்கூத்தில் கேட்டவருக்கும் அது தெரியும். அந்தச் சபையில் 'மேசைமேல் இருப்பதை மட்டும்' என்ற விதி இல்லை. அது இருந்திருந்தால் பாரதமே வேறாகியிருக்கும்.

ஆகவே எல்லோரும் ஈடு கட்டிய குவியல் அடிப்பணயம், அதற்கு மேல் வைக்க முடிந்தவர்களுக்குள் சேர்வது மேற்பணயம். இன்னொருவரும் நடுவில் பணம் தீர்ந்து நின்றால் முதல் மேற்பணயம், இரண்டாம் மேற்பணயம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம், அடுக்கடுக்காகத்தான் அங்கேயும் பிரிகிறது. நேற்றைய வரியை நான் இப்படி எழுதியிருப்பேன்: 'அவர் முழுப்பணயம் வைத்துவிட்டார், இனி மற்ற இருவரும் வைப்பது மேற்பணயத்தில் சேரும்.'