நவோதயா தேர்வு: விண்ணப்பிக்கும் முன் பள்ளிப் பதிவேட்டைப் பாருங்கள்

புதுச்சேரி, காரைக்கால் ஜவாஹர் நவோதயா வித்யாலயாக்களில் ஆறாம் வகுப்பில் சேர, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பரவிய மத்திய அரசு உறைவிடப் பள்ளிகள் இவை. விண்ணப்பக் கட்டணம் இல்லை. 80 கேள்விகள், 100 மதிப்பெண், 2 மணி நேரம், தமிழிலும் எழுதலாம். ஆனால், தேர்வில் தேறிய பிள்ளைகள் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்படுவதை நான் பார்த்திருப்பதால், அதற்குக் காரணமான விதிகளைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

குறைந்தது 75 சதவீத இடங்கள் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு உரியவை. வீடு கிராமத்தில் இருந்தால் போதும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். விதி பார்ப்பதோ பள்ளி இருக்கும் இடத்தை. உழவர்கரை நகராட்சிக்குள் வயலை ஒட்டி நிற்கும் பள்ளியும் நகர்ப்புறப் பள்ளிதான். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளையும் முழுமையாகக் கிராமப்புறப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் நகர்ப்புறப் பள்ளியில் படித்திருந்தாலும் அந்தப் பிள்ளை நகர்ப்புறக் கணக்கில் சேர்ந்துவிடும். பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், இளைய பிள்ளையின் பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் தங்கிய இரண்டு மாதங்கள் மகளை அங்கிருந்த நகரப் பள்ளியில் சேர்த்திருந்தார். மாற்றுச் சான்றிதழில் அந்தத் தேதியின்மேல் அலுவலர் விரலை வைத்ததும், அவர் ஒன்றும் பேசாமல் காகிதங்களை ஒவ்வொன்றாக மஞ்சள் பைக்குள் எடுத்து வைத்தார். பதிவேட்டைப் புரட்டாமலே கையெழுத்திட்ட தலைமையாசிரியரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குடியிருப்பும் ஐந்தாம் வகுப்புப் பள்ளியும் நவோதயா இருக்கும் அதே மாவட்டத்தில் இருக்க வேண்டும். கடலூர், விழுப்புரம் எல்லையோர ஊர்களிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இதனால் வழியில்லை. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி ஒன்றுகூட இல்லாததால், அவர்களுக்கு வேறு இடமும் கிடையாது. தேர்வை ஒருமுறைதான் எழுத முடியும். ஐந்தாம் வகுப்பை மறுபடி படிக்க வைத்து அடுத்த ஆண்டு எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளைக்கு ஓராண்டுதான் வீணாகும்.

சாதிச் சான்றிதழுக்காகத்தான் பெற்றோர் அதிகம் அலைகிறார்கள். நவோதயாவில் 27 சதவீத ஒதுக்கீடு மத்திய அரசின் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) பட்டியல்படி தரப்படுவது, கையில் இருக்கும் புதுச்சேரி அரசின் எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். மத்திய அரசுப் படிவம் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். “ரிசல்ட் வந்த பிறகு வாங்க” என்று வருவாய்த் துறை அலுவலகத்தில் சொல்வார்கள். அதை நம்பிப் போனவர்கள், சேர்க்கைக்குச் சில நாட்களே இருக்கும்போது, கிராம நிர்வாக அலுவலருக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் தாசில்தாருக்கும் நடுவே நடையாய் நடந்தார்கள். விண்ணப்பித்த வாரமே மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கணினி மையத்தில் தட்டச்சு செய்பவர் உங்களிடம் கேட்காமலே ‘கிராமப்புறம்’ என்று பதிந்துவிடலாம். கடைசித் தேதிக்குப் பிறகு திருத்தத்துக்கென்று ஓரிரு நாட்கள் தருவார்கள். பாலினம், இனப்பிரிவு, கிராமம் அல்லது நகரம், மாற்றுத்திறன், தேர்வு மொழி ஆகியவற்றை மட்டுமே அப்போது மாற்ற முடியும். அதற்குள் விண்ணப்பத்தை அச்செடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய், தலைமையாசிரியர் முன்னிலையில் சேர்க்கைப் பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, மூன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.