உயில் எழுதித் தருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காசு வாங்கிக்கொண்டு உயில் எழுதிக் கொடுக்க எந்த உரிமமும் தேவையில்லை. 2007ஆம் ஆண்டின் சட்ட சேவைகள் சட்டம் சில வேலைகளை அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும் ஒதுக்கியது. புரொபேட், அதாவது இறந்தவரின் சொத்தைக் கையாள நீதிமன்றம் தரும் அனுமதி, அதற்கான விண்ணப்பப் பத்திரம் தயாரிப்பது அந்தப் பட்டியலில் உண்டு. உயில் எழுதுவது இல்லை. அதையும் சேர்க்கச் சொல்லி 2013இல் சட்டத் தொழிலை மேற்பார்க்கும் சட்ட சேவைகள் வாரியம் பரிந்துரைத்தது, அரசு மறுத்துவிட்டது.

மிச்சமிருப்பது தொழிலில் உள்ளவர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட சங்கங்கள்தான். இன்ஸ்டிடியூட் ஆஃப் ப்ரொஃபெஷனல் வில்ரைட்டர்ஸ், சொசைட்டி ஆஃப் வில் ரைட்டர்ஸ் இரண்டும் அதில் முக்கியமானவை. உறுப்பினருக்குத் தொழில்நெறி, பயிற்சி, காப்புறுதி, முறைப்பாட்டு வழி எல்லாம் உண்டு. ஆனால் சேருவது அவரவர் விருப்பம். சங்கம் ஒருவரை நீக்கினாலும் அவர் மறுநாளே கடையைத் திறக்கலாம். எனவே விசிட்டிங் கார்டில் உள்ள சின்னத்தை நம்பாமல், சங்கத்துக்கே போன் போட்டுப் பெயரைச் சரிபாருங்கள்.

அடுத்தது காப்புறுதி. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. தொழில்முறைக் காப்புறுதி பொதுவாக, தவறு நடந்த ஆண்டில் அல்ல, இழப்பீடு கேட்கும் ஆண்டில் நடைமுறையில் இருந்தால்தான் பணம் தரும். உயிலில் உள்ள பிழையோ உயிலுக்கு உரியவர் இறந்த பிறகு, இருபது வருடம் கழித்துக்கூட வெளியே வரும். அதற்குள் நிறுவனம் மூடியிருந்தால்? மூடிய பிறகும் தொடரும் காப்புறுதி உண்டா, மூல உயில்கள் யாரிடம் போகும் என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கே வந்து ஒப்பந்தம் எழுதினால், பொதுவாக 14 நாளுக்குள் ரத்துச் செய்யும் உரிமையும் உண்டு.

உயிலில் சொன்னபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிறைவேற்றுநராகத் தங்கள் நிறுவனத்தையே போட்டுவிடுவது இன்னொரு பழக்கம். கட்டணம் 2 சதவீதம் என்றால் 4,00,000 பவுண் சொத்தில் 8,000 பவுண் போய்விடும். கையெழுத்துக்கு முன் அந்தப் பந்தியைத் தேடிப் படியுங்கள்.

நம்மவர்களுக்கு அதிகம் இடிக்கும் பிழை வேறு. “இதற்கு முந்திய எல்லா உயில்களையும் ரத்துச் செய்கிறேன்” என்ற வழக்கமான வரி, யாழ்ப்பாணத்துக் காணிக்கு அங்கே எழுதிய உயிலையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். ஊரில் சொத்து இருக்கிறதா என்று கேட்காமல் எழுதுபவர் படிவம் நிரப்புகிறவர், அவ்வளவுதான். வீடு கணவன் மனைவி பெயரில் கூட்டு உரிமையாக (joint tenancy) இருந்தால், அதில் பாதியைப் பிள்ளைக்கு எழுதியும் பயனில்லை, மற்றவருக்கே போகும். முதலில் கூட்டு உரிமையைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரிக்க வேண்டும்.

கையெழுத்தின்போது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். மருமகளைச் சாட்சியாக்கினால் உயில் நிற்கும், மகனுக்கு எழுதிய பங்கு செல்லாது. போட்டோகொப்பி எடுக்க ஸ்டேப்பிளைக் கழற்றவும் வேண்டாம்: ஊசித் துளையைக் கண்டால், கூட இருந்த தாள் எங்கே என்று புரொபேட் அலுவலகம் கேட்கும்.