நெட்வொர்க் கிராஃபில் சின்ன எம், பெரிய எம்

சுவிட்ச் போர்ட்டின் (கணினிகளை இணைக்கும் கருவியில் கேபிள் செருகும் இடம்) எரர் கிராஃபில் 3.33, பக்கத்தில் ஒரு எம். பார்த்தவுடன் "வினாடிக்கு முப்பத்து மூன்று லட்சம் எரர்" என்று பதறி, கேபிளை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த எம் சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா என்று முதலில் பாருங்கள். பெரியது மெகா, அதாவது பத்து லட்சம். சின்னது மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரும்பாலான கருவிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்ட்டின் கவுண்டரை, அதாவது கூடிக்கொண்டே போகும் எண்ணிக்கையைப் படித்து, வந்த வித்தியாசத்தை 300 வினாடியால் வகுக்கின்றன. அந்த நேரத்தில் ஒரே ஒரு எரர் வந்திருந்தால் வினாடிக்கு 0.00333. அதைத்தான் ஆர்ஆர்டிடூல் (RRDtool) என்ற கிராஃப் வரையும் மென்பொருள் 3.33 மில்லி என்று சுருக்கிக் காட்டுகிறது. ஒரே ஒரு எரருக்காக கேபிளைக் கழற்ற வேண்டாம்.

அப்புறம் பிட்டா, பைட்டா என்ற கேள்வி. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். டிராஃபிக்கை கிராஃபாக வரையும் எம்ஆர்டிஜி (MRTG) மென்பொருள், நாம் தனியாகச் சொல்லாவிட்டால் பைட்டில்தான் வரையும். 100 மெகாபிட் இணைப்பில் கோடு 12.5 மெகாபைட் அருகே நின்றால் இணைப்பு நிரம்பிவிட்டது. "இன்னும் நிறைய இடம் இருக்கிறதே" என்று ஏமாந்துவிடாதீர்கள்.

எம்ஆர்டிஜி கிராஃபில் பச்சை உள்ளே வரும் டிராஃபிக், நீலக் கோடு வெளியே போவது. சரி, யாருக்கு உள்ளே? அந்த போர்ட்டுக்கு. சர்வர் செருகியிருக்கும் சுவிட்ச் போர்ட்டில், சர்வர் அனுப்புவதுதான் பச்சையாகத் தெரியும். டவுன்லோடு, அப்லோடு என்று மாற்றிப் புரிந்துகொண்டு தவறான பக்கம் தேடுவது இங்கேதான் தொடங்குகிறது.

ஆர்ஆர்டிடூல் கிராஃபில் நடுவே வெற்றிடம் இருந்து, கீழே 'nan' (எண் இல்லை) என்று வந்தால் டிராஃபிக் பூஜ்யம் என்று பொருளில்லை. அளவீடு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கிகாபிட் போர்ட்டில் கோடு எப்போதும் 114 மெகாபிட்டுக்குக் கீழேயே இருந்தால் 32 பிட் கவுண்டரைப் படிக்கிறீர்களோ என்று சந்தேகியுங்கள். ஐந்து நிமிடத்தில் அது சரியாக எண்ணக்கூடிய எல்லை அதுதான். கவுண்டரைப் படிக்க உதவும் எஸ்என்எம்பி (SNMP) நெறிமுறையின் 2சி பதிப்புக்கு மாறி 64 பிட் கவுண்டரைப் படிக்கலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது சராசரிதான். எம்ஆர்டிஜியின் வாராந்தர கிராஃபில் ஒவ்வொரு புள்ளியும் 30 நிமிடச் சராசரி. மாதாந்தர கிராஃபில் 2 மணி நேரச் சராசரி, வருடாந்தர கிராஃபில் ஒரு நாள் சராசரி. மற்ற நேரம் அமைதியாக இருந்த இணைப்பு ஐந்து நிமிடம் முழுக்க நிரம்பியிருந்தாலும், வாராந்தர கிராஃபில் அது ஆறில் ஒரு பங்காகவே தெரியும். உச்ச அளவையும் வரையச் சொன்னால் கரும்பச்சையிலும் மெஜந்தாவிலும் அது தனியாக வரும். புகார் வந்த அன்றே தினசரி கிராஃபைச் சேமித்து வையுங்கள். அடுத்த வாரம் தேடினால் அந்த உச்சம் சராசரியில் கரைந்திருக்கும்.